பானைக்குள் போட்ட பேர்

மகளே,

தோணிக்காரர் வந்து எல்லாம் சொன்னார். நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தாய், பெண் குழந்தை, தலை நிறைய முடி என்றார். கேட்டதும் கரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மீன் கூடைக்காரிகள் எல்லாம் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்கள். அவர்களை அனுப்பிய பிறகு அவர் இன்னொன்று சொன்னார். "முப்பதாம் நாளு தொட்டில் போடுறாங்களாம். எம் பேரையே, எல்லப்பன்னே வெக்கப்போறேன்னு உம் பொண்ணு சொல்லச் சொல்லிச்சு. அந்தப் பேரு இருந்ததாலதான் நான் எவனுக்கும் தல குனியாம நின்னேன், எம் பொண்ணும் நிக்கட்டும்னு சொல்லிச்சு." என் அழுகை அந்த இடத்திலேயே நின்றுபோனது.

அந்தப் பேரை வைக்காதே என்று சொல்லி அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏன் என்று கேட்பாய். கேட்டால் சொல்ல வேண்டும். வாய்ச்சொல்லாகத் தோணிக்காரரிடம் சொல்லி அனுப்புகிற விஷயமா அது? அதனால்தான் பழவேற்காட்டுக்கு நடந்து வந்து, மரைக்காயர் தெருவில் கடிதம் எழுதித் தருகிற பாய் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். என் வாயில் வருவதை அவர் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறார். இருந்திருந்து உன் அம்மா படித்தவள் மாதிரி பேசுகிறாளே என்று சிரிக்காதே. தோணி இன்னும் நான்கு நாளில் திரும்ப உங்கள் சதுரங்கப்பட்டினத்துக்குக் கிளம்புகிறது. வாடைக்காற்று நன்றாக அடிக்கிறது, இரண்டே நாளில் வந்துவிடும் என்கிறார்கள். தொட்டில் போடுவதற்கு முன்னால் இது உன் காதில் விழுந்தாக வேண்டும்.

ஒன்று கவனித்திருப்பாய். உன்னை நான் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உன் நைனா பேர் அது, கட்டியவன் பேரை நான் எப்படிச் சொல்வேன்? ஏ பொண்ணே, அடியே, இங்க வாடி, இப்படியே உன்னை வளர்த்து முடித்துவிட்டேன். இந்தக் கடிதத்திலும் அந்தப் பேர் வருகிற இடத்தில் வாயை மூடிக்கொள்கிறேன், பாய் எழுதிக்கொள்கிறார். முதல் தடவை அவருக்குப் புரியவில்லை. "இன்னாம்மா, பாதியில நிறுத்திட்ட?" என்றார். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன்.

நீ என் வயிற்றில் ஏழு மாதம் இருந்தபோது உன் நைனா முகத்துவாரத்தில் போனார். ஏரித் தண்ணீர் கடலுக்கு ஓடுகிற நேரத்தில் படகைத் திருப்பியிருக்கிறார், திரும்பவில்லை. அது உனக்குத் தெரிந்த கதை. அதற்கப்புறம் நடந்ததில் பாதியைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். நம் கோட்டைக்குப்பத்து வழக்கம் உனக்குத் தெரியும். ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்ற பாடு முறையை, தை பிறந்ததும் பானையில் ஓலை போட்டு எடுத்துத்தான் பிரிப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆம்பளை பேர், ஓர் ஓலை நறுக்கு. ஆம்பளை பேர் இல்லாத வீட்டுக்கு ஓலை இல்லை, ஓலை இல்லாத வீட்டுக்குப் பாடு இல்லை. அந்த வீட்டுப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவி வயிற்றைக் கழுவ வேண்டியதுதான். வயிற்றுப் பிள்ளை ஆணாக இருந்தால் ஓலை தங்கும் என்று ஊரே காத்திருந்தது. நீ பிறந்தாய்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன், மகளே. உன்னைப் பார்க்கவில்லை. ஒரு நாள் முழுக்கப் பார்க்கவில்லை. அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகிறது? ஆனாலும் கேட்கிறேன். உன்னைத் தூக்கிக் குளிப்பாட்டி, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தது உன் அத்தைதான். உன் நைனாவின் கூடப் பிறந்த தங்கை. அவளும் அறுத்தவள், வைசூரியில் புருஷனைக் கொடுத்துவிட்டு ஐந்து வயதுப் பிள்ளையோடு நம் வீட்டுக்குப் பக்கத்துக் குடிசையில் இருந்தாள். அவள்தான் சொன்னாள். "இன்னா அண்ணி இப்டி கெடக்குற? எங்கண்ணன் பேரையே இவளுக்கு வெச்சிடு. பானைக்கு இன்னா தெரியப்போவுது, ஆம்பளையா பொம்பளையான்னு?"

நான் சிரித்துவிட்டேன், அந்த நிலைமையிலும். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நேராக ஊர்ப் பெரியதனக்காரரிடம் போனாள். "பேரு இருந்தா ஓலை உண்டு. அதுதான வழக்கம்? பேரு கீது. எல்லப்பன்." அவர் தாடையைச் சொறிந்துகொண்டே யோசித்தாராம். உன் நைனா நல்ல மனுஷன், ஊரில் யாருக்கும் அவர்மேல் கசப்பில்லை. "சரிம்மா. பானைக்குக் கண்ணா இருக்குது?" என்று விட்டுவிட்டார். எல்லாருக்கும் நீ பெண் என்று தெரியும், தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டார்கள். தொட்டில் போட்ட அன்று குழந்தை காதில் பேரைத் தாய்தான் மூன்று தடவை சொல்ல வேண்டும். என்னால் சொல்ல முடியுமா? உன் அத்தை உன்னை மடியில் வாங்கி, "எல்லப்பா, எல்லப்பா, எல்லப்பா" என்றாள். மூன்றாவது தடவை அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். செத்த அண்ணனைக் கூப்பிட்ட மாதிரி இருந்திருக்கும்.

அந்த ஓலை நமக்குச் சோறு போட்டது. வலை கட்டும் நாளில் முதலில் கூலிக்கு ஆள் பிடித்தோம். உன் அத்தை மகன் தேசப்பன் தலையெடுத்ததும் அவனே உன் பேருக்கு வலை கட்டினான். நீ எட்டு வயதிலேயே அவனோடு படகில் ஏறி உட்கார்ந்துகொள்வாய். பிள்ளைகள் உன்னைச் சுற்றிக்கொண்டு, "எல்லப்பா, மீசை எங்கடி?" என்று கேலி பண்ணும்போது நீ அழமாட்டாய், மண்ணை அள்ளிக் கண்ணிலேயே அடிப்பாய். தேசப்பன் ஒருவன்தான் கேலி பண்ணலாம். "இன்னாடா எல்லப்பா, சோறு துன்னியா?" என்று அவன் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். முறையும் அதுதான், உனக்கு அவன் முறைமாப்பிள்ளை. நானும் அத்தையும் வாய் திறந்து பேசிக்கொள்ளாவிட்டாலும், நீ பெரியவளானதும் இருவர் மனதிலும் ஒரே நினைப்புதான் இருந்தது. உன் மனதிலும் இருந்தது. எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா? அவன் படகு வருகிற நேரத்துக்குத் தலை வாரிக்கொள்வாயே.

இனிமேல் வருவது உனக்குத் தெரியாதது. பாய், மெதுவாகவே சொல்கிறேன், ஒரு வார்த்தையும் விடாமல் எழுதுங்கள்.

உனக்குப் பதினைந்து வயதில், உலாந்தா வெள்ளைக்காரர் கோட்டையிலிருந்து ஆள் கேட்டு வந்தார்கள். கப்பலில் கடல் தாண்டிப் பத்தாவி ஊருக்குப் போய் வேலை செய்ய, குப்பத்துக்கு ஒரு ஆள். யாரும் தானாகப் போக வரவில்லை. பெரியதனக்காரர் பானையைக் கொண்டுவரச் சொன்னார். பாடு எடுக்கிற பேர்தான் இந்தப் பாரத்தையும் எடுக்க வேண்டும் என்று முடிவு பண்ணி, கையை விட்டு ஓர் ஓலையை எடுத்தார். உன் பேர் வந்தது. அதுவரைக்கும் உனக்குத் தெரியும். ஊரே சிரித்தது, அப்புறம் சிரிப்பு நின்றது என்பதும் தெரியும். அன்றைக்குப் பெரியதனக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதுதான் உனக்குத் தெரியாது. "கோவிச்சுக்காதம்மா. ரெண்டுல ஒண்ணு பண்ணு. அந்தப் பேருக்கு ஒரு ஆளை அனுப்பு. இல்லேன்னா ஓலையை எடுத்துடறேன், நான் வேற பேரு எடுக்கிறேன். ஒனக்கு அதுல தோஷமில்ல, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

கேட்டாயா, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றார். ஓலையை எடுத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். பாடு போயிருக்கும், நானும் இடுப்பில் மீன்பறி கட்டிக்கொண்டு இறால் தடவப் போயிருப்பேன், ஊரில் பாதிப் பெண்கள் போகிறார்களே, அவர்கள் செத்தா போனார்கள்? என் வாய் "ஆளு அனுப்புறேன்" என்றது. பதினைந்து வருடம் கையில் இருந்ததை விட எனக்கு மனசு வரவில்லை. பேராசை என்று சொல், பயம் என்று சொல், இரண்டும்தான்.

தேசப்பனிடம் நான்தான் போனேன். அவன் தானாக வரவில்லை. முதலில் முடியாது என்றான். "அம்மா தனியா கீதே, அத்தே" என்றான். நான் விடவில்லை. ஒரு வருடம்தான், வந்ததும் கல்யாணம், ஓலை போனால் உன் பெண்டாட்டிக்குத்தான் நஷ்டம், அவள் பேரைக் காப்பாற்ற உன்னை விட்டால் யார் என்று உருவேற்றினேன். அவன் வலையை உதறி மடித்து வைத்தான். பிறகு சிரித்தான். "அவ பேரு எனக்கு ஒரு சொமையா அத்தே? குடு, கொஞ்ச நாளு நான் தூக்கினு போறேன்" என்றான். இதை அவன் சொன்ன மாதிரியே எழுதச் சொல்லியிருக்கிறேன். நீ கேட்டே ஆக வேண்டும்.

போகும்முன் உன்னிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றான். நீ அழுது தடுத்துவிடுவாய் என்று நான் பயந்தேன், வேண்டாம் என்றுவிட்டேன். உன் அத்தை கருவாட்டுக் கூடையோடு பொன்னேரிச் சந்தைக்குப் போன நாளாகப் பார்த்து அவனைக் கோட்டை வாசலுக்குக் கூட்டிப்போனேன். அவளும் தடுத்திருப்பாள் இல்லையா? வாசலில் கணக்கப்பிள்ளை ஓலையை வாங்கிப் பார்த்தார். "எல்லப்பனா?" என்றார். தேசப்பன் என்னைப் பார்த்தான். ஓலையில் ஒரு பேர், ஆள் வேறு பேர் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நான் தலையை ஆட்டினேன். "ஆமா" என்றான் அவன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். உன் அத்தை சாயங்காலம் திரும்பி வந்தபோது அவனைப் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அவனே ஆசைப்பட்டுப் போனான் என்று அவளிடம் சொன்னேன்.

உன்னிடம் சொன்னது அதைவிட மோசம். நீ வந்து, "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாரா?" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் கோட்டை வாசலுக்கே ஓடியிருப்பாய், நான்தான் எல்லப்பன் என்று நின்றிருப்பாய், நீ அந்த ரகம். உன்னை ஒரே அடியாக அவனிடமிருந்து வெட்டிவிட வேண்டும் என்று, "மீசையில்லாத ஆம்பளையைக் கட்டிக்கிறதுக்குக் கப்பலே மேலுன்னு சொல்லிட்டு அவனாத்தான் ஓடிப்போனான்" என்றேன். அவன் அப்படிச் சொல்லவே இல்லை, மகளே. அந்த வார்த்தை என் வாயில் பிறந்தது. அவன் தானாகப் போனதால்தான் உன் பேருக்கு ஆள் கேட்கவில்லை என்று நீயும் நம்பிவிட்டாய். அன்றிலிருந்து நீ அந்தப் பேரை வீம்பாகச் சொல்ல ஆரம்பித்தாய். யார் கேட்டாலும் "எல்லப்பன், இன்னா இப்போ?" என்பாய். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார், எல்லம்மா என்று மாற்றிக்கொள்ளலாமே என்றபோது பந்தலை விட்டே எழுந்தாய். ஊர் உன் தைரியத்தை மெச்சியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவன் போன இரண்டாம் வருடம், கோட்டைச் சேவகன் ஒருவன் நம் வாசலுக்கு வந்தானே, நினைவிருக்கிறதா? நான் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தேன். "எல்லப்பன் வூடு இதானா?" என்றான். ஆமாம் என்றேன். "நீ இன்னா வேணும்?" "அம்மா." அவன் தலைப்பாகையை எடுத்துவிட்டான். "ஒம் புள்ள எறந்துட்டாம்மா. பத்தாவில ஜொரம். அங்கியே மண்ணுல வெச்சுட்டாங்களாம். ஏட்டுல பேரை அடிச்சாச்சு." அப்போது பார்த்து நீ தண்ணீர்க் குடத்தோடு வந்தாய். "யாரும்மா இது?" என்றாய். "வழி கேக்க வந்தாரு" என்றேன். அவன் உன்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனான், அண்ணனைப் பறிகொடுத்த பெண் என்று நினைத்திருப்பான். நீ குடத்தை இறக்கி வைத்து, உள்ளே போய், பாட்டுப் பாடிக்கொண்டு அரிசி களைந்தாய். செத்துப்போனவன் பேர் உன் பேர்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உன் அத்தை என்னைக் கேட்பாள், நீ கேட்பாய், செத்தவன் பேர் என்று பானையிலிருந்து ஓலையும் போகும். நான்கு மாதத்துக்குள் உன்னைச் சதுரங்கப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்தேன். எதற்கு இவ்வளவு தூரத்தில் என்று நீ கேட்டாய். நல்ல இடம் என்றேன். நல்ல இடம்தான், உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், அதில் நான் பொய் சொல்லவில்லை.

இங்கே உன் அத்தை என்ன செய்கிறாள் தெரியுமா? கப்பல் வந்து நிற்கிற நாளெல்லாம் கரைக்குப் போகிறாள். இறங்குகிற ஒவ்வொரு ஆளையும் மறித்து, "தேசப்பன்னு ஒரு புள்ள, கோட்டைக்குப்பம், நெத்தியில தழும்பு, பாத்தியா நைனா?" என்கிறாள். அவர்கள் யோசித்துப் பார்த்துவிட்டு அப்படி யாரும் இல்லை என்கிறார்கள். எப்படி இருப்பான்? அங்கே அவனை யாரும் அந்தப் பேரில் கூப்பிட்டதே இல்லையே. அப்படி யாரும் இல்லை என்று கேட்டுவிட்டு அவள் சந்தோஷமாகத் திரும்பி வருகிறாள். "வேற ஊருக்குப் போயிருப்பான் அண்ணி. செத்திருந்தா பேரு தெரிஞ்சிருக்குமே." ஒன்பது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டு, நானும் உம் கொட்டிக்கொண்டு, அந்த ஓலை போடுகிற சோற்றையே தின்றுகொண்டிருக்கிறேன்.

பெண்ணுக்கு ஆண் பேர் வைப்பதில் தப்பில்லை. வை, தாராளமாக வை. ஆனால் அந்தப் பேரை வைத்து ஒன்றைச் சம்பாதிக்க நினைக்காதே, எவனையோ ஜெயித்துக் காட்டவும் நினைக்காதே. நான் வலைப்பாட்டுக்காக வைத்தேன். நீ உன்னை வேண்டாம் என்றவனுக்குப் பதில் சொல்வதற்காக வைக்கப்போகிறாய். அவன் உன்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு அப்புறம் யோசி. உடம்பைப் பார்த்துக்கொள், பச்சை உடம்பு, இதைக் கேட்டுவிட்டுச் சோறு தின்னாமல் கிடக்காதே. பால்சுறா கிடைத்தால் விடாதே, புட்டு செய்து தின்னு.

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நேற்று எழுந்து போனேன். மடித்துக் கொடுக்கப் போன பாய் என்னைப் பார்த்து, "அந்தப் பையனோட அம்மாவுக்கு எப்பம்மா எழுதப்போற?" என்று கேட்டார். அவள் பக்கத்துக் குடிசையில் இருக்கிறாளே, கடிதம் எதற்கு என்றேன். அவர் கடிதத்தை மடிக்காமல் பெட்டிக்குள் வைத்தார். வீட்டுக்குப் போனால் உன் அத்தை மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். உனக்குப் பிறந்த செய்தி கேட்டு, தோணியில் அவளும் வருகிறாளாம். "எங்கண்ணன் பேரு இன்னொரு தலமொறைக்குப் போவுது அண்ணி. அந்தப் புள்ள காதுலயும் நான்தான் சொல்லணும்." இந்தக் கடிதமும் அவளும் ஒரே தோணியில் உன் வாசலில் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன்.

இன்று காலை சொல்லிவிட்டேன். மூட்டைக்கு எதிரில் உட்கார்ந்து, உனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்கும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. "எந்த மாசம்?" என்று கேட்டாள். சேவகன் மாதம் சொல்லவில்லை என்றேன். "ஜொரத்துல அம்மான்னு கூப்ட்டிருப்பான் இல்ல?" என்றாள். எனக்கு என்ன தெரியும்? எழுந்து ஏரிக்குப் போய்த் தலை முழுகிவிட்டு ஈரத் துணியோடு வந்தாள். ஒன்பது வருடத்துத் தீட்டு. பெரியதனக்காரரிடம் போய் ஓலையை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்துவிட்டார். நாளை முதல் நான் இறால் தடவப் போகிறேன், உனக்கு இதில் வருத்தம் வேண்டாம்.

அவள் பயணத்தை நிறுத்தவில்லை. குழந்தைக்குப் பேர் அவள்தான் வைப்பாளாம். என்ன பேர் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. எல்லப்பன் என்பாளோ, தேசப்பன் என்பாளோ, வேறு ஏதாவதோ, அவள் சொல்வதுதான் பேர், நீ குறுக்கே நிற்காதே. கடிதத்தைத் தோணிக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றேன், அவளிடம் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. அவள் கையை நீட்டினாள். "எங்கிட்டயே குடு. அவளுக்குப் படிச்சுக் காட்டும்போது நானும் பக்கத்துல குந்திக்கினு இன்னொரு தபா கேக்குறேன். எம் புள்ள சிரிச்சினே சொன்னான்னு சொன்னியே, அது அதுல கீதா?" இருக்கிறது என்றேன்.